பெண்களுக்கான சக்கர நாற்காலிப் பந்தயம்: முதல் தள்ளலிலிருந்து நீண்ட விளையாட்டு வாழ்க்கை வரை

சுவிட்சர்லாந்து வீராங்கனை மனுவேலா ஷேர் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 19. அவருடைய முதல் பாராலிம்பிக் தங்கம் 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான் கிடைத்தது. அங்கே 400 மீட்டரிலும் 800 மீட்டரிலும் அவர் முதலிடம் பெற்றார். பந்தய நாற்காலியில் முதன்முதலாக உட்காரப் போகும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தப் பதினேழு ஆண்டு இடைவெளியைத்தான். இந்த விளையாட்டில் உச்சத்தை எட்டுவதற்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் உங்கள் தோள்கள் உங்களோடு இருக்க வேண்டும்.

தோள்களை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கால்களால் ஓடும் ஒருவருக்கு முழங்கால் வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடலாம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் பெண்ணுக்கோ பந்தயத்தில் வேகம் தருவதும், வீட்டுக்குள் நகர்த்துவதும், படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிவறைக்கும் உடலைத் தூக்கி மாற்றுவதும் அதே இரண்டு தோள்கள்தாம். தோள் கெட்டால் பதக்கம் மட்டும் போவதில்லை, அன்றாடச் சுதந்திரமும் சேர்ந்து போகிறது. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு முடிவிலும், நாற்காலி வாங்குவதாயினும் பயிற்சி அட்டவணை போடுவதாயினும், இது என் தோளைக் காக்குமா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

தொடக்கம்

முதல் ஆறு மாதங்களுக்குச் சொந்தமாகப் பந்தய நாற்காலி வாங்காதீர்கள். மன்றத்திலோ பயிற்சி மையத்திலோ இருக்கும் பழைய நாற்காலி ஒன்றை இரவல் பெற்று, அது ஓரளவு பொருந்தும்படி பஞ்சுத் திண்டுகளை வைத்துக் கட்டிக்கொண்டு, இந்த விளையாட்டு உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நீச்சல், கூடைப்பந்து, டென்னிஸ், உட்கார்ந்தபடி குண்டு எறிதல் ஆகியவற்றையும் முயன்று பார்ப்பது வீண் வேலையன்று. கனடாவின் ஷான்டால் பெட்டிக்ளேர் பதின்மூன்று வயதில் விபத்துக்குள்ளான பின் முதலில் நீச்சல் வழியாகத்தான் உடல்வலிமையை மீட்டெடுத்தார். பின்னாளில் அவர் சக்கர நாற்காலித் தடகளத்தில் வென்ற பாராலிம்பிக் தங்கங்கள் பதினான்கு. அவற்றில் ஐந்து 2004இலும் ஐந்து 2008இலும் கிடைத்தவை.

பயிற்சி தொடங்கும் முன், உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தோள் மூட்டு எந்த அளவுக்குச் சுழல்கிறது, முதுகெலும்பில் வளைவு இருக்கிறதா, தோலில் உணர்ச்சி எதுவரை உள்ளது என்ற விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேடு இனி உங்களோடு பல ஆண்டுகள் பயணம் செய்யும்.

பள்ளி மாணவியாக இருந்தால் மற்றொரு தடையும் எதிரில் வரலாம்: ஓடுதடத்தில் மற்ற மாணவிகளோடு சேர்ந்து பங்கேற்க இடம் மறுக்கப்படலாம். அமெரிக்க வீராங்கனை தத்யானா மெக்ஃபேடன் ஏதென்ஸில் 15 வயதில் இரண்டு பதக்கங்களை வென்று திரும்பிய பின்னரும், தம் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் தடத்தில் இறங்குவதற்கு நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக மேரிலாண்ட் மாநிலத்தில் 2008இல் மாற்றுத்திறனாளி மாணவர்களின் விளையாட்டு உரிமைக்காகத் தனிச் சட்டமே வந்தது. மறுப்பு எழுந்தால் வாய்மொழியாகப் பேசி முடித்துவிடாமல், கோரிக்கையையும் பதிலையும் எழுத்தில் பெறுங்கள்.

வகைப்பாடு

எந்தப் பிரிவில் போட்டியிடுவீர்கள் என்பதை நீங்களோ பயிற்சியாளரோ முடிவு செய்ய இயலாது; அதற்கென்றே பயிற்சி பெற்ற வகைப்பாட்டுக் குழு இருக்கிறது. முதுகுத்தண்டுப் பாதிப்பு, தசை வலிமைக் குறைவு, உறுப்பு இழப்பு போன்ற காரணங்களால் சக்கர நாற்காலியில் ஓட்டுபவர்கள் டி51 முதல் டி54 வரையிலான பிரிவுகளில் வருவார்கள். டி51, டி52 பிரிவுகளில் கைகளின் இயக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். டி53இல் கைகள் முழு வலிமையோடு இருக்கும், ஆனால் வயிறும் முதுகும் அடங்கிய நடுவுடலின் இயக்கம் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். டி54இல் நடுவுடலின் இயக்கம் ஓரளவோ முழுமையாகவோ இருக்கும். மூளை முடக்குவாதம் போன்றவற்றால் தசை இறுக்கமோ ஒத்திசைவின்மையோ உள்ளவர்களுக்கு டி33, டி34 போன்ற தனிப் பிரிவுகள் உண்டு.

பரிசோதனைக்கு மருத்துவ அறிக்கைகளின் நகல்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பந்தய நாற்காலி, கையுறை, இடுப்புப் பட்டை ஆகிய அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். குழுவினர் முதலில் உடலைச் சோதிப்பார்கள், பிறகு நாற்காலியில் நீங்கள் செய்யும் அசைவுகளைப் பார்ப்பார்கள், தேவையானால் போட்டியின்போதும் கவனிப்பார்கள். அங்கே முழு முயற்சியோடு, உள்ளதை உள்ளபடி காட்டுங்கள். திறனைக் குறைத்துக் காட்டுவது கடுமையான தடைக்குரிய குற்றம் என்பது ஒருபுறமிருக்க, உங்களைவிடக் குறைந்த இயக்கம் கொண்ட ஒரு பெண்ணின் இடத்தை அது பறித்துவிடும்.

பிரிவு உறுதியானதும், பாராலிம்பிக் போன்ற பெரிய போட்டிகளில் அந்தப் பிரிவுக்கு எந்தெந்தத் தூரங்கள் உள்ளன என்று பாருங்கள், ஏனெனில் எல்லாப் பிரிவுக்கும் எல்லாத் தூரமும் இருப்பதில்லை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் டி53 பெண்களுக்கு 100, 400, 800 மீட்டர்கள் இருந்தன. 1500, 5000 மீட்டர்களிலும் மாரத்தானிலும் பங்கேற்க விரும்பிய டி53 வீராங்கனை டி54 வீராங்கனைகளோடு மோத வேண்டியிருந்தது. டி53 பிரிவைச் சேர்ந்த சுவிட்சர்லாந்தின் கேத்தரின் டெப்ரன்னர் அங்கு ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார்; அவற்றில் மூன்று தங்கங்கள் அப்படி மோதிப் பெற்றவை. உங்கள் பிரிவில் உங்களுக்கு ஏற்ற தூரம் இல்லையெனில் பயிற்சியின் திசையையே மாற்ற வேண்டியிருக்கலாம். இதை மூன்றாம் ஆண்டில் அல்ல, முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நாற்காலியும் கையுறையும்

பந்தய நாற்காலி என்பது பின்னால் இரண்டு பெரிய சக்கரங்களும், நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய முன்சக்கரமும் கொண்ட மூன்று சக்கர ஊர்தி. காற்று நிரப்பிய டயரோடு சேர்த்துப் பெரிய சக்கரத்தின் விட்டம் 70 செ.மீ.க்கும், சிறிய சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ.க்கும் மிகக் கூடாது. கியரோ நெம்புகோலோ அனுமதிக்கப்படுவதில்லை. பெரிய சக்கரம் ஒவ்வொன்றிலும், கையால் தள்ளிச் சக்கரத்தைச் சுழற்றும் தள்ளுவளையம் ஒன்று மட்டுமே இருக்கலாம். விதிகள் இவ்வளவு எளிமையாக இருப்பதால், உடலுக்கு நாற்காலி எவ்வளவு பொருந்துகிறது என்பதில்தான் வேறுபாடு பிறக்கிறது.

பொருத்தத்தின் அளவுகோல் இறுக்கமே. இடுப்பு இருக்கையில் இப்படியும் அப்படியும் நகர்ந்தால், நீங்கள் வளையத்தில் செலுத்தும் விசையில் ஒரு பகுதி உங்கள் உடலை ஆட்டுவதிலேயே வீணாகிவிடும். பெண்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இரவலாகக் கிடைக்கும் நாற்காலி ஆண் ஒருவரின் அளவுக்குச் செய்யப்பட்டதாக இருந்தால், இடுப்புப் பகுதி குறுகலாகவும் தோள்களுக்குச் சக்கரங்கள் அகலமாகவும் அமைந்துவிடும். சக்கரங்கள் தோள்களை விட அதிக அகலத்தில் இருந்தால் கைகளை வெளிப்புறமாக விரித்துத் தள்ள நேரிடும். தோள் மூட்டு தேய்வதற்கு இது நேர்வழி. ஆகவே சொந்த நாற்காலிக்கு அளவு கொடுக்கும்போது இடுப்பகலம், தோளகலம், தொடை நீளம், கை நீளம் ஆகியவற்றை, பந்தய உடையோடும் பந்தயத்தில் அமரும் நிலையிலேயும் இருவர் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். வளரும் வயதில் இருக்கும் சிறுமிக்கு முழங்கால் தட்டையும் இருக்கைப் பட்டையையும் மாற்றியமைக்கத்தக்க சட்டமே ஏற்றது.

நடுவுடலில் வலிமை உள்ளவர்கள் முழங்காலிட்டு முன்சாய்ந்த நிலையில் ஓட்டுகிறார்கள்; அது இல்லாதவர்கள் மார்பைத் தொடைகள் மீது படியவைத்து ஓட்டுகிறார்கள். எந்த நிலையாயினும் மூச்சு முழுமையாக வாங்க முடிகிறதா என்பதை நாற்காலியில் அமர்ந்து பத்து நிமிடம் தள்ளிய பிறகு முடிவு செய்யுங்கள். உட்கார்ந்தவுடன் தெரியும் வசதியை நம்ப வேண்டாம்.

தள்ளுவளையத்தின் விட்டம் பெரும்பாலும் 35 முதல் 40 செ.மீ. வரை இருக்கும். சிறிய வளையம் சைக்கிளின் கடினமான கியரைப் போன்றது: புறப்படுவது சிரமம், வேகம் பிடித்த பின் ஆதாயம். தொடக்கத்தில் பெரிய வளையமே போதும். சிறிய வளையத்தோடு முதல் ஆண்டிலேயே போராடித் தோளைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் சில மாதங்கள் பொறுத்திருந்தால் அது தவிர்க்கப்பட்டிருக்கும்.

கையுறைகளில் தோலால் ஆன மென்மையானவை, வெப்பத்தால் வளையும் பிளாஸ்டிக்கை உள்ளங்கைக்கேற்ப அச்செடுத்துச் செய்யும் கடினமானவை என இரு வகைகள் உள்ளன. இப்போது முப்பரிமாண அச்சில் செய்வோரும் இருக்கிறார்கள். மென்மையான கையுறையில் தொடங்கி, தள்ளும் முறை நிலைபெற்ற பின் கடினமானதற்கு மாறுங்கள். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்களில் பலருக்கு ரப்பர் பாலில் செய்த பொருள்கள் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறையின் உள்பட்டை மட்டுமன்றி உடற்பயிற்சிக்கான இழுபட்டைகளும் அதனால் செய்யப்பட்டவையா என்று விசாரித்து வாங்குங்கள்.

பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்பதை வாரந்தோறும் சோதியுங்கள். அச்சின் உயரத்தில், இரு சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் நாற்காலி கண்ணுக்குத் தெரியாத பிரேக்கோடு ஓடுவதுபோல் கனக்கும்; நீங்கள் உங்கள் உடல் தளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வீர்கள். அந்த அளவுகளையும் டயரின் காற்றழுத்தத்தையும் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள்.

தள்ளும் முறை

பந்தயத்தில் வளையத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை, அடித்துத் தள்ளுகிறோம். விரல்களை மடக்கிய கையின் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் பக்கம் வளையத்தில் மோதி, அந்த மோதலின் வேகத்தைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. வலது சக்கரத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகார முகம்போலத் தோன்றுவதாகக் கொண்டால், கை சுமார் ஒரு மணி நிலையில் வளையத்தைத் தொட்டு, கீழே ஆறு மணி வரை அழுத்திச் சென்று, ஏழை நெருங்கும்போது சுண்டியவாறு விலக வேண்டும். விலகிய கையை முழங்கை வழிநடத்த, அது பின்புறமாக மேலெழுந்து, தளர்ந்த நிலையில் மீண்டும் கீழிறங்கும்.

இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, வேகம் கூடும்போது தள்ளலைக் குறுக்கிக்கொள்வது. எண்ணிக்கை அதிகமாகிறது, தூரம் அதிகமாவதில்லை. இதைச் சரிசெய்ய நேர்த்தடத்தில் நூறு மீட்டரை ஒரே சீரான நேரத்தில் கடந்து, எத்தனை தள்ளல்கள் ஆயின என்று எண்ணுங்கள். நேரத்தை மாற்றாமல் எண்ணிக்கையைக் குறைக்க முயலுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், கை எந்த மணியில் தொடுகிறது, எந்த மணியில் விலகுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

வளைவுகளுக்கென முன்சக்கரத்தோடு காம்பன்சேட்டர் என்ற கருவி இணைக்கப்பட்டிருக்கிறது. தடத்தின் வளைவுக்கு ஏற்ற கோணத்தில் அதை முன்கூட்டியே அமைத்துவிட்டால், வளைவில் நுழையும்போது ஒரு தட்டு, வெளியேறும்போது எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என முன்சக்கரம் தானே திரும்பிக்கொள்ளும். உள்தடத்துக்கும் வெளித்தடத்துக்கும் வளைவின் ஆரம் வேறாகையால், ஒதுக்கப்பட்ட தடம் தெரிந்ததும் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். அந்தத் தட்டு ஒரு தள்ளலின் நேரத்தைத் தின்னாதபடி பழகுவதற்கே ஒரு பருவம் செல்லும்.

பயிற்சி வாரம்

தொடங்குபவருக்கு வாரத்தில் மூன்று நாள் நாற்காலிப் பயிற்சியும் இரண்டு நாள் வலிமைப் பயிற்சியும் போதுமானவை. மழைக்காலத்தில் உருளைகள் மீது நாற்காலியை நிறுத்தி வீட்டுக்குள்ளேயே தள்ளலாம். தள்ளும் இயக்கம் மார்புத் தசைகளையும் தோளின் முன்பக்கத்தையும் வலுப்படுத்திக்கொண்டே போவதால் தோள் முன்னோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே வலிமைப் பயிற்சியில் தள்ளுவதைவிட இழுப்பதற்கே அதிக இடம் கொடுங்கள்: தோள்பட்டை எலும்புகளைப் பின்னோக்கிச் சேர்க்கும், துடுப்பு வலிப்பதைப் போன்ற பயிற்சிகள், தோளை வெளிப்புறமாகச் சுழற்றும் சிறு எடைப் பயிற்சிகள், இறுதியில் மார்பை விரிக்கும் நீட்சி. ஓய்வு நாள் என்பது பந்தய நாற்காலிக்கு மட்டுமன்று; அன்றைக்கு நெடுந்தூரம் அன்றாட நாற்காலியைத் தள்ளிச் சென்றால் தோளுக்கு அது பயிற்சி நாளே.

கழுத்துப் பகுதியிலோ மார்பின் மேற்பகுதியிலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இதயத் துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுவதுபோல் ஏறாது. அவர்கள் துடிப்புக் கணக்கை நம்பாமல், உணரும் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிட்டுப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்கட்டும். பாதிக்கப்பட்ட மட்டத்துக்குக் கீழே வியர்வை சுரப்பது குறைவாகையால் வெயிலில் உடல் விரைவாகச் சூடேறும். நீர் தெளிப்பானும் நனைத்த துணியும் தடத்தோரம் தயாராக இருக்க வேண்டும்.

பெண்ணுடலுக்குரியவை

இந்தப் பகுதியைப் பயிற்சியாளரும் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இவற்றைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே பலர் உடலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

போட்டி நடக்கும் இடத்தில் பயன்படுத்தத்தக்க கழிவறை இல்லையென்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்று வந்தால் வாரக்கணக்கில் பயிற்சி போகும். கழிவறை எங்கே, நாற்காலி அதன் கதவில் நுழையுமா என்பதை முந்தைய நாளே பார்த்துவிட்டு, உடலைச் சூடுபடுத்தும் பயிற்சிக்குச் சற்று முன்னதாகச் சிறுநீர்ப்பையைக் காலி செய்யும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

மார்பின் ஆறாவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்கு, நிறைந்த சிறுநீர்ப்பை, இறுக்கிக் கட்டிய பட்டை, கவனிக்கப்படாத புண் போன்ற சிறு காரணங்களால்கூட இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு உயரலாம். கடும் தலைவலி, முகம் சிவத்தல், மேலுடலில் வியர்த்தல் ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்ந்து உட்கார வைத்துப் பட்டைகளைத் தளர்த்திச் சிறுநீர்ப்பையைக் காலி செய்து காரணத்தைத் தேடுங்கள். தணியாவிட்டால் அவசர மருத்துவ உதவி வேண்டும். இந்நிலையை வேகத்துக்காக வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்வது உயிருக்கு ஆபத்தானது; சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது.

முன்சாய்ந்த நிலையில் மார்பு முழங்கால்களிலோ தொடைகளிலோ அழுந்தும். கொக்கியும் தடித்த தையலும் இல்லாத மார்புக்கச்சையைத் தேர்ந்தெடுங்கள். உணர்ச்சியற்ற இடத்தில் ஒரு மடிப்புகூடப் புண்ணாகிவிடும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் இடுப்பு, முழங்கால், கணுக்கால், பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு தெரிந்தால் அது மறையும் வரை பந்தய நாற்காலியில் அமராதீர்கள்.

மாதவிடாய்த் தேதிகளையும் குறிப்பேட்டில் சேருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், உட்கொள்ளும் உணவு செய்யும் பயிற்சிக்குப் போதாமல் இருக்கலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. மருத்துவரை அணுக வேண்டும். இயங்காத கால்களின் எலும்புகள் ஏற்கெனவே அடர்த்தி குறைந்திருக்கும் என்பதால் உணவுக் குறைவு அங்கே இரட்டிப்பாகத் தாக்கும். நாற்காலி கவிழ்ந்த பின் கால் வீங்கியிருந்தாலோ சூடாக இருந்தாலோ, வலி இல்லையென்றாலும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

நாற்காலியில் ஏற்றி இறக்க ஒருவர் உதவுகிறாரெனில், எங்கே பிடிக்கலாம், எப்படித் தூக்கலாம் என்று சொல்வது உங்கள் உரிமை. உதவி என்ற பெயரில் எல்லை மீறும் எவரையும், அவர் எவ்வளவு பெரிய பயிற்சியாளராயினும், சகித்துக்கொள்ளத் தேவையில்லை. பயிற்சியில் சேரும்போதே, புகாரை யாரிடம் கொடுப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பந்தய நாள்

முடிவுக் கோட்டில் உங்கள் இடம் முன்சக்கர அச்சின் மையம் எப்போது கோட்டைக் கடக்கிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படும். மார்பை முன்தள்ளுவதால் பயனில்லை; கடைசித் தள்ளலை முழுமையாக முடிப்பதே பயன். 800 மீட்டரிலும் அதற்கு மேலும் தலைக்கவசம் கட்டாயம். நூறு மீட்டரிலும் அணிவது அறிவுடைமை.

நீண்ட தூரங்களில் காற்றை யார் பிளப்பது என்பதே ஆட்டத்தின் உயிர். முன்னே செல்பவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிச் சென்றால் உழைப்பு பெரிதும் குறையும், ஆனால் அவர் பிரேக் போட்டால் மோதும் அபாயமும் உண்டு. பயிற்சியில் இருவர் மாறி மாறி முன்னே சென்று அந்த நெருக்கத்துக்குக் கண்ணைப் பழக்குங்கள். சாலைப் பந்தயத்தில் பெண்கள் ஆண்களின் பின்னால் ஒட்டிச் செல்ல அனுமதி கிடையாது. கூட்டம் கலக்கும் இடங்களில் இதை மறந்தால் தகுதி நீக்கம் வரலாம். 2023இல் பெர்லினில் டெப்ரன்னர் 1 மணி 34 நிமிடம் 16 வினாடியில் மாரத்தானை முடித்தார். மணிக்குச் சராசரியாக 27 கி.மீ.க்குச் சற்றே குறைவு. இறக்கங்களில் வேகம் அதைவிடப் பெரிதும் உயரும் என்பதால், முதல் சாலைப் பந்தயத்துக்கு முன் அந்தப் பாதையின் திருப்பங்களைக் காரிலாவது சென்று பார்த்துவிடுங்கள்.

பயணத்தில் கையுறைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி தாமதமாக வந்தால்கூட வேறொன்றை இரவல் பெறலாம், உங்கள் கைக்கு அச்செடுத்த கையுறையை இரவல் பெற முடியாது. சிறுநீர்ப்பைக்கும் தசை இறுக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் மருந்துகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் உள்ளனவா என்று மருத்துவரோடு சரிபார்த்து, தேவையெனில் மருத்துவ விலக்கு அனுமதியைப் போட்டிக்கு முன்னரே பெறுங்கள்.

இடைவெளிகளும் விடைபெறுதலும்

குழந்தைப்பேறு இந்த விளையாட்டு வாழ்க்கையின் முடிவாக இருக்கத் தேவையில்லை. பிரிட்டனின் டானி கிரே தாம்சன் 2002இல் தாயானார். 2004 ஏதென்ஸில் இரண்டு தங்கம் வென்று, மொத்தம் பதினொரு பாராலிம்பிக் தங்கங்களோடு 2007இல் ஓய்வு பெற்றார். திரும்பி வரும்போது நாற்காலியின் அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். உடல் மாறியிருக்கும், நாற்காலி மாறியிருக்காது. குழந்தையைத் தூக்குவதும் தோளின் கணக்கில் சேரும் என்பதால் முதல் ஆண்டுப் பயிற்சியை அதற்கேற்பக் குறையுங்கள்.

பரிசுப் பணமும் ஆதரவாளர்களும் சிலருக்கே அமைவதால் படிப்பையோ தொழிலையோ பயிற்சியோடு இணைத்தே கொண்டு செல்லுங்கள். போட்டியிலிருந்து விலகுவதை ஒரே நாளில் முடிவு செய்யாமல், தூரத்தை மாற்றிப் பாருங்கள். குறுந்தூரத்தில் வேகம் குறைந்தவர்கள் மாரத்தானில் மேலும் பல ஆண்டுகள் நன்றாக ஓட்டியிருக்கிறார்கள். விலகிய பின் உங்கள் நாற்காலியைச் சுவரில் மாட்டி வைக்காமல், புதிதாக வரும் ஒரு சிறுமிக்கு இரவலாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் சக்கரங்களின் இணைநிலையைச் சரிபார்த்து, காம்பன்சேட்டரின் அமைப்பு, வளையத்தின் விட்டம், டயரின் காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவிடுங்கள்.